வந்து சேராத வண்டிக்கு விட்ட வழி

இதை முதன்முதலில் எனக்குச் சொன்னது என் இளைய மகள் எப்சிபா. போன வருஷம் குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின சாயங்காலம், நான் அடுக்களையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கையில், கார் கம்பெனியிலிருந்து வந்தவள் கைப்பையைக்கூட இறக்காமல் கதவில் சாய்ந்து நின்று, "அம்மா, எங்க காரெல்லாம் இல்லாத ஆம்புலன்சுக்கு வழி விடுது," என்றாள். இருக்கிற ஆம்புலன்சுக்கே வழி விடாத ஊரில் அது நல்லதுதானே என்று சொல்லி, கீரைத் தட்டை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன். அவள் சிரிக்கவில்லை. கீரையையும் தொடவில்லை.

நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். அதனால் அவள் எனக்கு விளங்க வைத்த மாதிரியே உங்களுக்கும் சொல்கிறேன். செல்போனுக்குள் எல்லாவற்றையும் நடத்துகிற ஒரு மூளை இருக்கிறதல்லவா, அதுபோல எங்கள் சாத்தங்கரையில் செய்கிற கார்களுக்குள்ளும் ஒன்று உண்டு. பிரேக்கு அதைக் கேட்டுத்தான் பிடிக்கும், ஸ்டியரிங்கு அதைக் கேட்டுத்தான் திரும்பும், கேமரா பார்த்ததை அதனிடம்தான் போய்ச் சொல்லும். தேர் ஓட்டுகிறவனுக்குப் பழைய தமிழில் வலவன் என்று பேராம். கம்பெனிக்காரர்கள் அதையே அதற்கு வைத்தார்கள், ஊர் ஜனங்கள் மரியாதையாக வலவரு என்றார்கள். ஒரு கார் ஒரு பள்ளத்தில் இறங்கினால், அந்தப் பள்ளத்துத் தண்ணீர் அலம்பி நிற்பதற்குள் ஊரிலுள்ள அத்தனை காருக்கும் அந்தப் பள்ளம் தெரிந்துவிடும். சொந்த ஊரில் ஓட்டிப் பார்க்கலாம் என்று கம்பெனி முதலில் எங்களுக்குத்தான் அந்தக் கார்களைக் கொடுத்தது. டாக்டர் வீட்டில் அது, நகைக்கடைக்காரர் வீட்டில் அது, டாக்சி ஸ்டாண்டு முழுக்க அது, பிரசங்கம் கேட்கிறவர்கள் மாதிரி கையை மடியில் வைத்துக்கொண்டு ஆட்கள் உட்கார்ந்திருக்க, வலவரு பாட்டுக்கு ஓட்டிக்கொண்டு போவார்.

அந்த வலவருதான், பள்ளிக்கூடம் விடுகிறதற்குச் சற்று முன்னால், தினமும், சந்தை வளைவில் ஒதுங்க ஆரம்பித்தார். ஒரு கார் இல்லை, அங்கே இருக்கிற அத்தனை காரும். பாதி இடது ஓரமாக, பாதி வலது ஓரமாக, சாக்கடை விளிம்பில் டயர் உரச ஒதுங்கி, நடுவில் ஓர் ஆம்புலன்ஸ் அகலத்துக்கு ரோட்டைக் காலியாக விட்டுவிட்டு நின்றுகொள்ளும். சைரன் இருக்காது. வண்டி இருக்காது. ரோட்டில் கிடக்கிற வாழைச்சருகு மட்டும், ஏதோ பெரியது மெல்ல ஊர்ந்து வருகிற மாதிரி, இரண்டு பக்கமும் விலகிக் கிடக்கும். கொஞ்ச நேரம் கழித்துக் கார்கள் ஒன்றும் நடக்காதது போலச் சேர்ந்துகொண்டு அதனதன் வழியில் போகும்.

சந்தை வளைவில் வடைக்கடை வைத்திருக்கிறவள் தங்கபுஷ்பம். மூன்று வருஷத்துக்கு முந்தி அவளுடைய ஒரே மகள் செண்பகவல்லிக்குத் தலைப்பிரசவ வலி கண்டு, ஆம்புலன்சில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில், சந்தைக்கூட்டம் விலகாமல், சைரன் சத்தத்தின் பின்னாலேயே வந்தால் சீக்கிரம் போய்விடலாம் என்று புகுந்த பைக்குகளும், அதற்கும் முந்தப் பார்த்த ஷேர் ஆட்டோக்களும் முன்னும் பின்னும் அடைத்துக்கொள்ள, அந்த வளைவிலேயே தாயும் வயிற்றுப்பிள்ளையும் போய்விட்டார்கள். வலிக்கும் வலிக்கும் நடுவில் அந்தப் பெண், "பொம்பளப்பிள்ளைன்னா என்ன பேரும்மா வைக்க?" என்று கேட்டிருக்கிறாள். "முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவோம்ட்டி, பேரு அப்புறம் பாப்போம்," என்று தங்கபுஷ்பம் சொல்லியிருக்கிறாள். டிரைவர் சைரனை அணைத்து வண்டியைத் திருப்பினார். மருமகன் வெளிநாட்டிலிருந்து வந்து, அழுது, திரும்பிப் போனார். தங்கபுஷ்பம் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. ஓர் அடுப்பும் எண்ணெய்ச் சட்டியும் வாங்கி, மகள் மூச்சு நின்ற இடத்துக்கு எதிரிலேயே கடை போட்டுவிட்டாள்.

கார்கள் ஒதுங்கின முதல் நாளே அவளுக்குத் தெரிந்துவிட்டது. எண்ணெய்ச் சட்டியின் மேல், வானத்தில் ஒன்றுமில்லாதபோதே, ஒரு நீலமும் ஒரு சிவப்பும் மாறி மாறி விழுந்ததாம். வேகிற வடையை அப்படியே விட்டுவிட்டு ரோட்டுக்கு வந்தவள், பக்கத்தில் நின்ற டாக்சிக்காரர் காசிம் பாயிடம் மிக மெதுவாக, "அண்ணே, என் பிள்ளை வண்டி வந்திருக்கு," என்றாள். காசிம் பாய் ஒரு வார்த்தை எதிர்க்கேள்வி கேட்கவில்லை. கருகின வடையை வாங்கித் தின்றுவிட்டு ஸ்டாண்டுக்குப் போய் எல்லோரிடமும் சொன்னார்.

ஊர் அதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்பீர்கள். முதலில், எங்கள் ஊர் எதையும் எடுத்துக்கொள்கிற மாதிரியே எடுத்துக்கொண்டது: காலியாக ரோடு கிடக்கிறது, உள்ளே விடு. பைக்குகள் புகுந்தன, ஷேர் ஆட்டோ புகுந்தது, பால்கேன் கட்டின ஸ்கூட்டர் புகுந்தது. ஆம்புலன்ஸ் கண்ணுக்குத் தெரியாததால் எது முன்பக்கம் எது பின்பக்கம் என்று யாருக்கும் தெரியவில்லை, அதனால் அவர்கள் போய் நின்றதெல்லாம் அதன் முகத்துக்கு நேரே. மறுநாளும் வழி அதே இடத்தில்தான் திறந்தது. அதற்கு மறுநாளும் அங்கேயேதான். அது நகரவில்லை என்பதைக் கண்டுபிடித்தவள் தங்கபுஷ்பம். அன்றிலிருந்து அந்த நேரம் வந்தால் அடுப்பைத் தணித்துவிட்டு, வடை அள்ளுகிற சாரணியைக் கையில் பிடித்தபடி அந்த வழியின் வாயில் போய் நிற்பாள், யாரையும் ஏசமாட்டாள். "உள்ள வராதீங்கய்யா, பிள்ளைத்தாச்சி வண்டி," என்று அதே குரலில் திரும்பத் திரும்பச் சொல்வாள். இரண்டு பேர் நின்றார்கள், பிறகு நாலு பேர் நின்றார்கள், பிறகு நிற்காதவனை நின்றவர்கள் பார்த்த பார்வையில் அவனும் நின்றான். ஒரு நாள் வழி முழுசாகக் காலியாகவே கிடந்தது. அன்றைக்குத்தான் அது நகர்ந்தது. மறுநாள் கார்கள் ஒதுங்க ஆரம்பித்த இடம் வடைக்கடை இல்லை, அதைத் தாண்டின தையல்கடை வாசல்.

அதற்குப் பிறகு சாத்தங்கரையே அந்த வண்டியோடு நடந்தது. தையல்கடைக்காரர் அந்த நேரம் மிஷினை மிதிக்க மாட்டார். தையல்கடையிலிருந்து சைக்கிள் கடைக்கு வந்துவிட்டதா, சைக்கிள் கடையைத் தாண்டிவிட்டதா என்று பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். எங்கள் சர்ச்சில் ஜெபக் குறிப்பாகச் சொன்னார்கள். மாரியம்மன் கோவில் பூசாரி அது நிற்கிற இடத்தில் ஓர் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுப் போனார், மறுநாள் அதை நசுக்காமல் ஓரமாக உருட்டிவிட்டு வண்டி முன்னால் போயிருந்தது. கல்யாண மண்டபத்துக்கு நேரே அது வந்த அன்று மாப்பிள்ளை ஊர்வலக் கார், பூவும் ரிப்பனுமாக ஓரத்தில் ஒதுங்கி நின்றுகொண்டது. பெண்ணின் அப்பா நேரமாகிறது என்று பறந்தார். மாப்பிள்ளைப் பையன் கண்ணாடியை இறக்கி, "மாமா, அவங்களுக்குத்தான் நம்மைவிட அவசரம்," என்று சொன்னதாக இன்றைக்கும் சொல்கிறார்கள்.

ஆனால் எல்லாம் நல்லபடியாக மட்டும் நடக்கவில்லை. வெளியூர்ப் பால்காரர் ஒருவர், விஷயம் தெரியாமல், ஒதுங்கி நின்ற காருக்கும் சாக்கடைக்கும் நடுவில் மாட்டிக் காலை முறித்துக்கொண்டார். செய்தி கம்பெனியின் மேலிடத்துக்குப் போயிற்று. அவர்கள் கேட்டதில் தப்பு இல்லை. இன்றைக்குக் கால், நாளைக்கு ஓர் உயிர் என்றால் யார் பதில் சொல்வது? வலவரின் மூளைக்குள் புகுந்து எங்கே கோளாறு என்று தேடச் சொன்னார்கள், தேட உட்கார்ந்தவள் என் மகள்.

அவள் கண்டுபிடித்ததை அவள் வார்த்தையில் சொல்கிறேன். ஆம்புலன்சுக்கு வழி விட வலவருக்குப் பழக்குவதற்காக, மாவட்டத்தில் முன்னால் ஓடின ஆம்புலன்ஸ் ஓட்டங்களையெல்லாம் அவருக்குப் பாடமாகக் கொடுத்திருந்தார்கள். எங்கே கிளம்பிற்று, எந்த வழியாகப் போயிற்று, எங்கே சேர்ந்தது. எல்லா ஓட்டத்துக்கும் தொடக்கமும் முடிவும் இருந்தது. ஒன்றுக்கு மட்டும் முடிவு இல்லை. சந்தை வளைவில் டிரைவர் சைரனை அணைத்தது மனுஷனுக்குத்தான் முடிவு. வலவருக்கு அந்த வண்டி இன்னும் வழியிலேதான் இருந்தது. "அந்த ஒரு ஓட்டத்தை ரத்துன்னு போட்டு ஒரு அப்டேட் அனுப்பிட்டா தீர்ந்துரும்மா," என்று எப்சி சொல்லிவிட்டு, தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை காலையில் அதை எல்லாக் காருக்கும் அனுப்பச் சொல்லி உத்தரவு.

அப்போது வண்டி பெட்ரோல் பங்க்கைத் தாண்டியிருந்தது. அதற்கப்புறம் பெரியாஸ்பத்திரிதான், ஆனால் நடுவில் கிடக்கிற ரோடு, அது ஒரு நாளில் போகிற தூரத்தைவிட மிகவும் நீளம்.

வியாழக்கிழமை மத்தியானம் தங்கபுஷ்பம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. அடுக்களைத் தரையில் உட்கார்ந்து, நான் கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். எப்சி சாப்பிட வந்திருந்தாள்.

"ஏம்மா, நீதான் அழிக்கப் போறியாம்," என்றாள் தங்கபுஷ்பம்.

"நான் அழிக்கலைன்னா இன்னொருத்தர் அழிப்பாங்க, சித்தி."

"வேண்டாங்கலை. ஒருத்தர் கால் போச்சு, எனக்கும் தெரியும், போய்ப் பாத்துட்டுத்தான் வாரேன். ஆஸ்பத்திரி வாசல் வரைக்குந்தாம்மா. அங்கே போய்ச் சேந்துட்டா அப்புறம் எதை வேணும்னாலும் அழி. பாதி வழியில ரெண்டாவது தடவை நிறுத்திராதே."

எப்சி சாப்பிட்ட கையைக் கழுவாமலே நின்றாள். பிறகு எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல், அடுப்பைப் பார்த்துச் சொன்னாள்: "கார் நின்னு, அணைஞ்சு கிடந்தாத்தான் அப்டேட் உள்ளே ஏறும். சார்ஜ் போட்டாலும் ஏறிரும். ஓடிக்கிட்டே இருக்கிற காருக்குள்ள ஏறாது. எல்லாக் காருக்கும் இது ஒண்ணுதான் சட்டம்." சொல்லிவிட்டு மோர் கேட்டாள். நான் ஊற்றினேன். தங்கபுஷ்பம் பக்கத்தில் வைத்திருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தாள்.

மறுநாள் விடிகாலை ஜெபத்துக்கு எழுந்தவள், எங்கள் சர்ச் பெண்கள் ஐக்கியத்து வாட்ஸப்பில் ஒரு ஜெபக் குறிப்பு போட்டேன். இன்று சாயங்காலம் வரை நம் ஊரில் வலவர் ஓட்டுகிற எந்தக் காரும் அணையாமலும் சார்ஜுக்கு நிற்காமலும் ஓடிக்கொண்டே இருக்க ஆண்டவரை நோக்கிப் பாரத்தோடு ஜெபியுங்கள், செண்பகவல்லிக்காக. அவ்வளவுதான் எழுதினேன். அது டாக்சி ஸ்டாண்டுக்கு எப்படிப் போயிற்று, கோவில் குழுவுக்கு எப்படிப் போயிற்று, நகைக்கடைக்காரர் சம்சாரத்துக்கு யார் அனுப்பினார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் காலைக் காப்பி போடுவதற்குள் தெருவில் கார் ஓடுகிற சத்தம் கேட்டது. அந்தக் கார்களுக்குச் சத்தமே இல்லை என்று உங்களுக்குத் தெரியும். அத்தனை கார் ஒன்றாக ஓடினால் காய்ந்த இலை உருள்கிற மாதிரி ஒரு சத்தம் வருகிறது.

அப்டேட் வந்துவிட்டது, கதவைத் தட்டிக்கொண்டு காத்திருக்கிறது, ஒரு நிமிஷம் அணைத்தால் உள்ளே வந்துவிடும். அதனால் எங்கள் ஊர் அன்றைக்கு அணையவில்லை. டாக்டர் நோயாளி வீட்டு வாசலில் இறங்கினபோது காரில் மனைவி சுற்றிக்கொண்டிருந்தார். காசிம் பாய் ஜும்மா தொழுகைக்கு இறங்கினபோது வண்டியை அணைக்காமல் மச்சானை உள்ளே உட்கார வைத்துப் பள்ளிவாசலைச் சுற்றச் சொன்னார். பாட்டரி தீர்ந்துவிடக் கூடாது என்று சித்திரை வெயிலில் ஏசியை நிறுத்தி, வேட்டியால் விசிறிக்கொண்டு, போக இடமில்லாமல் போய்க்கொண்டே இருந்தார்கள். வெயில் ஏற ஏற ஒவ்வொரு காராகச் சோர்ந்தது. நகைக்கடைக்காரர் கார் பள்ளிக்கூட வாசலில் நின்றேவிட்டது. நின்ற மறுகணம் அப்டேட் ஏறியது. ஏறின கார் யாருக்கும் ஒதுங்காத காராகிப் பின்னால் வந்தவர்களை மறித்துக்கொண்டு கிடந்தது. அவர் இறங்கி, பட்டுச்சட்டை கசங்க, ஆட்களைச் சேர்த்துக்கொண்டு தன் காரைத் தானே சந்துக்குள் தள்ளினார். அதற்குப் பின்னால் இன்னொன்று நின்றது. அதற்கப்புறம் இன்னொன்று.

கம்பெனியில் எப்சியின் மேலதிகாரி வேறு ஊரிலிருந்து திரையில் பேசிக்கொண்டே இருந்தாராம். பாதிக் காரில்கூட அப்டேட் ஏறவில்லை, என்ன நடக்கிறது என்று கேட்டாராம். கடைசியில், ஓடுகிற காரிலேயே பலவந்தமாக ஏற்றிவிடு, அதற்கும் வழி இருக்கிறதே என்றாராம்.

"இருக்கு சார். ஆனா ஏறுற அந்த இமைப்பொழுது பிரேக் கேக்காது. உள்ளே ஆள் உட்காந்திருக்கு," என்றாள் என் மகள்.

"நீ பொறுப்பேத்துக்கிறியா?"

"ஏத்துறதுக்கு என்னால பொறுப்பேத்துக்க முடியாது சார். ஏத்தாம இருக்கிறதுக்கு ஏத்துக்கிறேன்."

அவர் நல்ல மனுஷர்தான். அவர் வீட்டிலும் பிள்ளைகள் உண்டு. நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, சரி, நிற்கிற காரில் ஏறினால் போதும் என்றாராம்.

பள்ளிக்கூடம் விடுகிற நேரம் நெருங்கியது. நான் வீட்டில் இருக்கமுடியாமல் பெட்ரோல் பங்க்குக்கு நடந்து போயிருந்தேன். பைபிளைக் கையில் வைத்திருந்தேனே தவிர ஒரு வசனமும் ஓடவில்லை. அப்போதுதான் ஒன்றைப் பார்த்தேன். சொல்லிவைத்த மாதிரி, யாரும் சொல்லாமலே, மிச்சமிருந்த கார்கள் எல்லாம் அந்த ஒரு ரோட்டுக்கு வந்திருந்தன. இத்தனை நாளும் அந்த நேரத்தில் அங்கே எத்தனை கார் இருந்ததோ அவ்வளவு தூரத்துக்குத்தான் வழி திறந்தது, அவ்வளவு தூரம்தான் வண்டி போயிற்று. இன்றைக்குப் பங்க்கிலிருந்து ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் வலவர் கார்களாகவே நின்றன. ஒரு கார் அசைந்தது, அடுத்தது அசைந்தது, துணியைக் கிழிக்கிற மாதிரி ரோடு நடுவில் பிளந்துகொண்டே போய், அந்தக் கோடியில் ஆஸ்பத்திரியின் பச்சைக் கேட் தெரிந்தது. பைக்கில் இருந்தவர்கள் இறங்கி நின்றார்கள். அந்த வழியில் ஒரு காக்கைகூட இறங்கவில்லை.

தங்கபுஷ்பம் அதன் ஓரமாக நடந்தாள், முதலில் நடந்தாள், பிறகு ஓடினாள். ஆம்புலன்சில் உட்கார்ந்திருக்கிறவர்கள் உள்ளேயிருக்கிறவரின் கையைப் பிடித்துக்கொள்வார்களே, அதுபோல ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டியபடி ஓடினாள். அவள் தாண்டிப் போன பிறகு பின்னால் ஒவ்வொரு காராகப் பாட்டரி தீர்ந்து விளக்கு அணைந்துகொண்டு வந்தது. அந்த அணைதல் அவள் முதுகைத் துரத்துகிற மாதிரி இருந்தது. நாங்களும் பின்னால் போனோம், வழிக்குள் இறங்காமல், ஓரமாகவே.

கேட் சாத்தியிருந்தது. ஆம்புலன்ஸ் வந்தால்தான் பெரிய கேட்டைத் திறக்கவேண்டும் என்று வாட்ச்மேனுக்குச் சட்டம். அவர் சாவியும் கையுமாக நின்று ரோட்டைப் பார்த்தார், ரோடு காலி. மனுஷன் வியர்த்து நின்றார். அப்போது பிரசவ வார்டு சிஸ்டர் சந்தனமாரி, எத்தனையோ வருஷமாகப் பிள்ளைகளைக் கையில் வாங்கினவள், ஒரு ஸ்ட்ரெச்சரைத் தானே தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்து, "என்ன பாத்துக்கிட்டு நிக்கீரு அண்ணாச்சி, கேஸ் வந்திருக்குல்லா," என்றாள், தினமும் சொல்கிற மாதிரி. கேட் திறந்தது.

ஸ்ட்ரெச்சரை வெளியே கொண்டுவரும்போது அதன் சக்கரங்கள் கடகடவென்று துள்ளின. திரும்ப உள்ளே தள்ளும்போது துள்ளவில்லை. கனத்த ஒன்றைச் சுமந்தது மாதிரி மெல்ல உருண்டன, சிஸ்டர் குனிந்து பலம் கொடுத்துத் தள்ள வேண்டியிருந்தது. கதவு சாத்திக்கொண்டது. கம்பெனியில், எப்சியின் திரையில், முடிவில்லாமல் கிடந்த அந்த ஓட்டத்துக்கு நேரே, யாரும் தொடாமலே, வந்து சேர்ந்தது என்று விழுந்தது. ரத்து செய்ய அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

வார்டு வாசலில் தங்கபுஷ்பம் நின்றாள். அவள் கையில் இன்னும் அந்தச் சாரணி இருந்தது. நாங்கள் எல்லோரும் படிக்கட்டில் நின்றோம். வெகுநேரம் ஆன மாதிரி இருந்தது. பிறகு உள்ளேயிருந்து, பூனைக்குட்டி கத்துகிற மாதிரி மெல்லியதாக ஓர் அழுகை கேட்டது. எனக்கு மட்டும் இல்லை, படிக்கட்டில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. சிஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"என்ன பிள்ளை?" என்று கேட்டாள் தங்கபுஷ்பம்.

"பொம்பளப்பிள்ளை."

"எம் மக?"

சிஸ்டர் அவள் தோளைத் தொட்டாள். "தூங்குதா. அலுத்துப் போயிருப்பாள்லா, எம்புட்டுத் தூரம் வந்திருக்கா. தூங்கட்டும்."

அதற்குப் பிறகுதான் தங்கபுஷ்பம் அழுதாள். மூன்று வருஷத்தில் முதல் தடவை என்று காசிம் பாய் சொன்னார்.

இப்போது எங்கள் ஊர்க் கார்களெல்லாம் அந்த அப்டேட்டோடுதான் ஓடுகின்றன, சந்தை வளைவில் எந்தக் காரும் காரணமில்லாமல் ஒதுங்குவதில்லை. எப்சி அதே வேலையில்தான் இருக்கிறாள். பால்காரரும் ஊன்றிக்கொண்டு நடக்கிறார். வடைக்கடை உத்திரத்தில், பழைய வாயில் புடவையில் ஒரு தொட்டில் கட்டியிருக்கிறது. அதில் ஒன்றும் இல்லை, ஆனால் வடை போட்டுக்கொண்டே தங்கபுஷ்பம் காலால் அதன் கயிற்றை இழுத்துவிடுவாள், ஆடி நிற்கும்போது அதற்கு ஒரு கனம் இருக்கிறது. பேர் மட்டும் இன்னும் வைக்கவில்லை. மகள் கேட்டபோது அப்புறம் பார்ப்போம் என்று சொன்னவளுக்கு, தானாக ஒரு பேர் வைக்க வாய் வரவில்லை. வருகிறவர்கள் போகிறவர்களிடம் கேட்கிறாள், என்னையும் கேட்கச் சொல்லியிருக்கிறாள்.

அதனால், இவ்வளவு நேரம் கேட்டீர்களே, எழுந்து போகுமுன் ஒரு பெண்பிள்ளைப் பேர் சொல்லிவிட்டுப் போங்கள். நாளைக்குப் போய்த் தொட்டிலில் கூப்பிட்டுப் பார்க்கிறேன்.